மாடியில் அறை, கீழே வாள்: ஜெர்மன் மாணவர் சங்க வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு

கோட்டிங்கனில் நான் போய் இறங்கியது ஒரு செப்டம்பர் கடைசி வாரம். தாவரவியல் ஆய்வுக்கு இடம் கிடைத்திருந்தது, தங்க இடம் கிடைக்கவில்லை. மாணவர் விடுதியில் ஏழு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். பல்கலைக்கழக உணவகத்துப் பலகையில் ஒரு சீட்டு கண்ணில் பட்டது: பழைய வில்லா, மாடி அறை, தோட்டம், சலவை இயந்திரம், மாதம் 180 யூரோ. அந்த ஊரில் அந்தக் காசுக்கு சைக்கிள் நிறுத்தத்தான் இடம் கிடைக்கும். ஓடிப்போய் மணியடித்தேன். கதவைத் திறந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். கோட்டு, டை, மார்பில் குறுக்காக மூன்று நிறத்தில் ஒரு நாடா. தலையின் இடது பக்கம் நாலு விரல் அகலத்துக்கு மழித்திருந்தது. அதில் கறுப்பு நூலில் ஆறு தையல். "வாங்க, காபி குடிக்கிறீங்களா?" என்றான், ஒன்றுமே நடக்காதவன் மாதிரி.

அந்த வீட்டில் பதினான்கு மாதம் இருந்தேன். உறுப்பினராக இல்லை, வாடகைக்காரனாக. இப்போதும் அக்டோபர் பிறந்தால் ஊரிலிருந்து வந்த தம்பி எவனாவது போன் பண்ணுகிறான்: "அண்ணா, ரூம் கிடைச்சிருக்கு. வாடகை ரொம்பக் கம்மி. ஆனா ஹால்ல வாள் தொங்குது. போலாமா?" வருஷா வருஷம் அதே பதிலை ஒரு மணி நேரம் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: இந்த வீடுகளில் பெரும்பாலானவை ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கென்று தனிச் சங்கங்கள் உண்டு, எண்ணிக்கையில் குறைவு. விருந்துக்கும் நடனத்துக்கும் உங்களுக்கு அழைப்பு வரும், வாள் எடுக்கும் நாளுக்குப் பெரும்பாலும் வராது.

வாசலில் இருக்கும் பெயரைப் படியுங்கள்

அமெரிக்கப் படம் பார்த்துவிட்டு அந்த நினைப்பில் போகாதீர்கள். இது வேறு சரக்கு. ஜெர்மனில் பொதுப்பெயர் ஷ்டுடென்டன்ஃபெர்பிண்டுங், அதாவது மாணவர் கூட்டு. அதற்குள் பல சாதி உண்டு. ஒன்றுக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம், நீங்கள் அங்கே தங்கும் காலம் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கும்.

பெயரின் பின்பாதி லத்தீன். பொருஸ்ஸியா என்றால் பிரஷ்யா, சாக்ஸோனியா என்றால் சாக்ஸனி, கெஸ்ட்ஃபாலியா என்றால் வெஸ்ட்ஃபாலியா, ரெனானியா என்றால் ரைன் கரை. ஊர் விட்டு ஊர் படிக்கப் போன பையன்கள் சொந்தச் சீமைக்காரனைத் தேடிப் பிடித்து ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகக் குடித்து, ஒன்றாக அடிவாங்கிய காலத்து மிச்சம் அது. இன்றைக்கு சாக்ஸோனியாவில் சாக்ஸனிக்காரன் ஒருவன்கூட இல்லாமல் இருக்கலாம்.

முன்பாதிதான் முக்கியம். 'கோர்' என்று இருந்தால் (எழுத்தில் கடைசியில் இரண்டு எழுத்து கூடுதலாக இருக்கும், உச்சரிக்கமாட்டார்கள்) அது மிகப் பழைய வகை. எர்லாங்கனின் ஓனோல்டியா 1798இல் தொடங்கியது. பழைய பல்கலைக்கழகங்களின் கோர்கள் 1848இல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. ஸாலே ஆற்றங்கரையில் இருக்கும் கோஸன் என்ற சின்ன ஊரின் பெயரால் அது அறியப்படுகிறது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களின் கோர்களுக்கு 1863இலிருந்து தனிக் கூட்டமைப்பு, அதற்கு வைன்ஹைம் என்ற ஊரின் பெயர். கோர்காரர்களின் முதல் விதி: வீட்டுக்குள் அரசியலும் மதமும் கிடையாது, யார் எந்தக் கட்சி என்பது அவரவர் பாடு. வாள் மட்டும் கட்டாயம்.

'புர்ஷன்ஷாஃப்ட்' என்று இருந்தால் கதை தலைகீழ். அது பிறந்ததே அரசியலில். நெப்போலியனோடு போரிட்டுவிட்டுத் திரும்பிய மாணவர்கள் 1815 ஜூன் 12 அன்று யேனாவில் கூடினார்கள். ஆளுக்கொரு சீமை என்று பிரிந்துகிடக்க வேண்டாம், ஒரே ஜெர்மனி வேண்டும் என்றார்கள். 1817 அக்டோபர் 18 அன்று வார்ட்பர்க் கோட்டையில் திரண்டார்கள். அங்கே பேச்சு இருந்தது, பாட்டு இருந்தது, பிடிக்காத புத்தகங்களின் பெயரெழுதிய காகிதக் கட்டுகளைத் தீயில் போட்டதும் இருந்தது. 1819இல் கார்ல் ஸாண்ட் என்ற மாணவர், கோட்செபூ என்ற நாடக ஆசிரியரை மான்ஹைமில் குத்திக் கொன்றார். அதைச் சாக்காக வைத்து கார்ல்ஸ்பாட் ஆணைகள் என்ற அடக்குமுறைச் சட்டங்கள் வந்தன, சங்கங்கள் தடைசெய்யப்பட்டன. இன்று ஜெர்மன் கொடியில் இருக்கும் கறுப்பு, சிவப்பு, பொன் மூன்றும் இவர்கள் தூக்கித் திரிந்த நிறங்கள். ஜெர்மன் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

'லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட்', 'டுர்னர்ஷாஃப்ட்' இரண்டும் ஒரே குடையின் கீழ் வருகின்றன, ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே சமயத்தில் கோபுர்க் நகரில் கூடுகின்றன. வாள் உண்டு. கத்தோலிக்கச் சங்கங்களில் பல நாடாவும் தொப்பியும் போடும், ஆனால் வாளைத் தொடாது. திருச்சபை இந்த வெட்டுக்குத்தை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

நாடாவையும் படிக்கலாம். பல வீடுகளில் இரண்டு நிறம் என்றால் ஃபுக்ஸ், அதாவது நரி: புதுசாக வந்தவன். மூன்று நிறம் என்றால் புர்ஷ்: முழு உறுப்பினன். கையெழுத்துக்குப் பின்னால் கோலம் போல ஒரு சுழிப்பும் ஆச்சரியக்குறியும் போடுவார்கள், அதற்கு ட்ஸிர்க்கல் என்று பெயர். வாழ்க, வளர்க, பூக்க என்ற மூன்று லத்தீன் சொற்களின் முதலெழுத்தையும் சங்கத்தின் முதலெழுத்தையும் ஒரே இழுப்பில் எழுதியது அது. அதோடு ஒரு பெருக்கல் குறி இருந்தால் அந்த அரையாண்டின் தலைவர், ஸேனியோர். இரண்டு இருந்தால் வாள் பயிற்சிக்குப் பொறுப்பானவர். மூன்று இருந்தால் கடிதம், கணக்கு வகையறா. வாடகை பாக்கி இருந்தால் மூன்று போட்டவரைப் பார்த்து ஒதுங்கிப் போங்கள்.

அறை எடுக்கும் முன் கேட்டுவிட வேண்டியது

கூச்சப்படாமல் கேளுங்கள். அவர்களுக்குக் கேள்வி பிடிக்கும். சுற்றி வளைத்தால்தான் பிடிக்காது. 'ஷ்லாகென்ட்?' என்று ஒரே வார்த்தை போதும்: வாளெடுக்கும் சங்கமா? கட்டாயமா, விருப்பமா, இல்லவே இல்லையா? அடுத்தது, உறுப்பினர் ஆகாவிட்டால் எத்தனை மாதம் தங்கலாம், அதை ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா? வாடகை ஏன் இவ்வளவு மலிவு என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. படித்து முடித்து வேலைக்குப் போன பழைய உறுப்பினர்கள், ஆல்ட்டெ ஹெரன், ஆயுசு முழுக்கச் சந்தா கட்டுகிறார்கள். கூரைக்கு ஓடு மாற்றுவது அந்தப் பணம். அது உங்களுக்கான தர்மம் இல்லை, அடுத்த நரியைப் பிடிக்கப் போட்ட கோழி.

மூன்றாவதாக, எந்தக் கூட்டமைப்பு? இதை விடவே விடாதீர்கள். 1920இல் ஜெர்மன் புர்ஷன்ஷாஃப்ட் கூட்டமைப்பு யூதர்களைச் சேர்ப்பதில்லை என்று ஐஸனாகில் தீர்மானம் போட்டது. அதற்கும் முன்பே வியன்னாவில், பிற்காலத்தில் சியோனிச இயக்கத்தைத் தொடங்கிய தியோடோர் ஹெர்ட்ஸல், தன் சங்கத்தில் யூத வெறுப்பு முற்றியதைப் பார்த்து 1883இல் நாடாவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். யூத மாணவர்கள் தங்களுக்கென்று வாளெடுக்கும் சங்கங்களையே தொடங்கினார்கள். பிரெஸ்லாவின் வியாட்ரினா 1886இல் வந்தது. பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2011இல் மான்ஹைம் நகரத்து புர்ஷன்ஷாஃப்ட் ஒன்று, ஜெர்மனியில் பிறந்த, சீனப் பெற்றோரின் மகன் ஒருவரைச் சேர்த்திருந்தது. அந்தச் சங்கத்தையே கூட்டமைப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று பான் நகரத்துச் சங்கம் ஒன்று மனுக்கொடுத்தது. நாடு முழுக்கக் கூச்சல் எழுந்ததும் அந்த மனு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் பிறகு பல சங்கங்கள் அந்தக் கூட்டமைப்பைவிட்டே விலகின. அப்படி விலகியவற்றில் சில 2016இல் தனி அமைப்பு கண்டன. என்னைக் கேட்டால், பூர்வீகம் கேட்கும் வீட்டில் 80 யூரோவுக்கு அறை கொடுத்தாலும் போகமாட்டேன். எங்கள் வீட்டில் நான் இருந்த காலத்தில் ஒரு துருக்கிக்காரர் ஸேனியோராக இருந்தார். வித்தியாசம் அவ்வளவு பெரிது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போங்கள். கோட்டிங்கனில் பாதி மாணவர்களுக்கு இந்த வீடுகளைக் கண்டால் ஆகாது. ஒருநாள் காலையில் எங்கள் முன்சுவரில் ஊதாச் சாயம் வழிந்துகொண்டிருந்தது. என் ஆய்வகத்துத் தோழி ஒருத்தி என் முகவரியைக் கேட்டதும் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அவள் சொன்ன காரணங்களில் பாதி நியாயம்தான்.

க்னைப்பேயில் உட்காருவது

வாள் அவர்களுக்கு வருஷத்தில் சில நாள். க்னைப்பே என்ற பாட்டும் பியருமான கூட்டம் மாதத்தில் பல நாள். உங்களுக்கு முதலில் வரும் அழைப்பு இதற்குத்தான்.

அட்டையில் '20 சி.டி.' என்று இருந்தால் எட்டேகாலுக்குப் போங்கள். கும் டெம்போரே, கால் மணி சேர்த்து. 'எஸ்.டி.' என்று இருந்தால் எட்டு என்றால் எட்டுத்தான். வகுப்புகளுக்கும் இதே கணக்கு, அதனால் வந்த முதல் வாரமே மனசில் போட்டுக்கொள்ளுங்கள். நான் சி.டி. தெரியாமல் எட்டுக்குப் போய், நரிகளோடு சேர்ந்து பெஞ்சு தூக்கினேன்.

கறுப்புக் கோட்டு, டை. ஆண்டு விழாவுக்கு ஒருமுறை பட்டுக்கரை வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு போனேன். எண்பது வயசுப் பெரியவர் ஒருவர் கண்ணாடியை இறக்கி என் கரையையே பார்த்தார். "பச்சை, அரக்கு, பொன். எந்தச் சங்கத்து நிறம்?" என்று கேட்டார். விருதுநகர் என்றேன். கேள்விப்பட்டதில்லையே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மேசை ப வடிவத்தில் இருக்கும். நடுவில் ஸேனியோர், கையில் வாள். அதைப் படுக்கைவாட்டில் மேசையில் ஒரு போடு போட்டு "ஸிலென்ஸியும்!" என்றால் யாரும் வாய் திறக்கக் கூடாது. "கொலோகுவியும்" என்றால் பேசலாம். கடைக்கோடியில் நரிகளும், அவர்களை மேய்க்கும் ஃபுக்ஸ்மயோரும். எழுந்து போகவேண்டும் என்றால் சும்மா எழுந்திருக்கக் கூடாது. "டெம்புஸ்" கேட்க வேண்டும், அதாவது நேரம். ஸிலென்ஸியும் நடக்கும்போது கேட்டால் கிடைக்காது. ஆகவே உள்ளே நுழையுமுன் ஒருமுறை போய்வந்துவிடுவது உத்தமம்.

பாட்டுப் புத்தகம் கொடுப்பார்கள். அட்டையின் நாலு மூலையிலும் தடித்த பித்தளைக் குமிழ்கள் அடித்திருக்கும். மேசையில் கொட்டிய பியரில் புத்தகம் நனையாமல் கால் ஊன்றி நிற்பதற்காக. எனக்கு அந்த நாட்டில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு அதுதான். பாட்டு முடிந்து ஸேனியோர் "ஷ்மோலிஸ்!" என்றால் எல்லோரும் "ஃபிடுட்ஸிட்!" என்று சொல்லிவிட்டுக் குடிப்பார்கள். சங்கத்தின் சொந்தப் பாட்டு வரும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் எழுந்து நில்லுங்கள். வாய் அசைக்க வேண்டியதில்லை. மற்றவர் தொப்பியைத் தொடாதீர்கள், விளையாட்டுக்குக்கூடத் தலையில் வைத்துப் பார்க்காதீர்கள். அங்கே சிரிப்பு நின்றுவிடும்.

குடிக்காதவர்கள் பயப்படுகிற இடம் இது. "இன் டீ கானே!" என்று உங்களைப் பார்த்துச் சொன்னால் "கெஷென்க்ட்" என்று அவர் விடுவிக்கும்வரை கோப்பையை இறக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. விதிக்கு விலக்கும் அவர்களிடமே இருக்கிறது. குடிக்க முடியாதவனுக்கு பியர் சட்டத்தில் ஒரு முறையான பட்டம் உண்டு: பியர் இம்போடென்ட். முன்கூட்டியே ஃபுக்ஸ்மயோரிடம் சொன்னேன், ஐயா நான் தொடுவதில்லை என்று. அவர் எழுந்து நின்று, நாற்பது பேர் முன்னால், என் முழுப்பெயரையும் திணறித் திணறிச் சொல்லி, இவர் இம்போடென்ட் என்று அறிவித்தார். அந்தச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். காது வரை சூடேறிவிட்டது. நாற்பது பேரும் மரியாதையாகக் கோப்பையைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு பதினான்கு மாதமும் சோடா கலந்த ஆப்பிள் சாறுதான், ஒருவர்கூட வற்புறுத்தவில்லை. எல்லா வீடும் இப்படி இருக்காது. வற்புறுத்துகிற வீடாக இருந்தால் அன்றிரவே வேறு அறை தேட ஆரம்பியுங்கள்.

சைவக்காரர்கள் இரண்டு நாள் முன்னதாக வீட்டுப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள், அவரை ஃபாக்ஸ் என்று கூப்பிடுவார்கள். சொல்லாவிட்டால் ரொட்டிமேல் பச்சைப் பன்றிக்கொத்துக்கறியும் வெங்காயமும் வரும். பெரியவர்களிடம் 'ஸீ' போட்டுப் பேசுங்கள், நம்முடைய 'நீங்க'. அவர்களே 'டு' என்று சொல்லச் சொன்னால் மறுக்காதீர்கள். எழுபது வயசுக்காரரை 'நீ' என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. கடைசிவரை வினைச்சொல்லையே முழுங்கிச் சமாளித்தேன்.

மென்ஸூர் பார்க்க அழைத்தால்

பாதி வருஷம் கழித்துத்தான் அழைத்தார்கள். அதற்குள் கீழ்த்தளத்துப் பயிற்சிக் கூடத்திலிருந்து தினமும் மத்தியானம் வரும் சத்தம் எனக்கு மனப்பாடம்: டக் டக் டக் டக், நிறுத்தம், டக் டக் டக் டக்.

முதலில் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மென்ஸூர் என்பதுதான் இந்த வாள்மோதலுக்குப் பெயர். அளவு என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, இரண்டு பேருக்கும் நடுவே உள்ள தூரம். பழைய காலத்தில் மாணவர்கள் இடுப்பில் வாளோடு திரிந்து, தெருவில் உரசினால் உருவிவிடுவார்கள். முதலில் குத்தும் முறைதான் இருந்தது, நுரையீரலில் ஏறிச் செத்தார்கள். பிறகு குத்து போய் வெட்டு வந்தது, முனை மழுங்கியது, கால் அசையக் கூடாது என்றானது. கோபத்தில் சவால்விட்டது போய், இன்றைக்கு இருப்பது 'குறித்து வைத்த' மென்ஸூர். இரண்டு சங்கங்களின் வாள் பொறுப்பாளர்கள் உட்கார்ந்து, உயரம், திறமை, வலக்கையா இடக்கையா எல்லாம் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். ஏறக்குறையப் பெண் பார்ப்பது மாதிரி. எதிரில் நிற்பவன்மேல் எந்தக் கோபமும் இருக்காது, பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம்.

போலீசு வராதா என்று எல்லோரும் கேட்பார்கள். 1883இல் அன்றைய உச்ச நீதிமன்றம் இதை உயிரைப் பறிக்கும் ஆயுதச் சண்டை என்று சொல்லித் தண்டனைக்குரியதாக்கியது. அப்படியும் நிற்கவில்லை. நாஜி ஆட்சியில் 1935ஐ ஒட்டி சங்கங்களே கலைக்கப்பட்டன. போருக்குப் பிறகு கோட்டிங்கனில் தொடங்கிய ஒரு வழக்கில், 1953 ஜனவரி 29 அன்று கூட்டாட்சி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இருவரும் சம்மதித்து, காப்புக்கவசத்தோடு, மானப் பிரச்சினைக்காக அல்லாமல் நடப்பதால் குற்றமில்லை. அன்றிலிருந்து அது சட்டத்துக்கு உட்பட்ட காரியம், ஆனாலும் ஜன்னல் திரையை மூடியே நடத்துகிறார்கள்.

காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இதை அலட்சியம் செய்யாதீர்கள். வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே ஸ்பிரிட்டும் பழைய தோலும் வேர்வையும் கலந்த நாற்றம். ஐம்பது அறுபது பேர் அவரவர் நிறத்தொப்பியோடு சுவரோரமாக நிற்பார்கள். காட்டிய இடத்தில் நின்றுகொள்ளுங்கள், கைதட்டாதீர்கள், 'அச்சோ' என்றுகூடச் சொல்லாதீர்கள். தலை சுற்றினால் சத்தமில்லாமல் வெளியே போய் உட்காருங்கள், யாரும் கேலி செய்யமாட்டார்கள். நான் நாலாவது சுற்றில் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

நடுவில் இரண்டு பேர், கை நீளத் தூரத்தில். உடம்பில் சங்கிலிச் சட்டை, கழுத்தைச் சுற்றித் தடித்த பட்டை, வாள் பிடித்த கை முழுக்கப் பஞ்சும் தோலும் சுற்றிய உறை, கண்ணுக்கும் மூக்குக்கும் கம்பிவலை போட்ட இரும்புக் கண்ணாடி. மிச்சம் திறந்திருப்பது நெற்றி, தலை, கன்னம். அதுதான் குறி. வாள் ஒரு மீட்டர் சொச்சம், தட்டையாக, வளையக்கூடியது. மேற்கத்திய ஊர்களில் கைப்பிடியில் கூடை மாதிரிக் காப்பு, பெர்லின், லைப்ட்ஸிக் பக்கம் மணி மாதிரிக் காப்பு. ஒவ்வொருவர் பக்கத்திலும் முகமூடி போட்ட ஒரு துணையாள், ஸெகுண்டன்ட், மழுங்கல் வாளோடு குந்தியிருப்பார். பக்கத்திலேயே நடுநிலையாளர், குறிப்பெழுதுகிறவர், மருத்துவர்.

"ஹோக் பிட்டே!" கை தலைக்கு மேலே போகும். "ஃபெர்ட்டிக்!" "லோஸ்!" அடுத்த நாலைந்து விநாடியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மணிக்கட்டு மட்டும் சுழலும், வாள் கண்ணுக்கே படாது, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழும் சத்தம் மட்டும் கேட்கும். "ஹால்ட்!" துணையாட்கள் பாய்ந்து நடுவில் வாளை நீட்டித் தடுப்பார்கள். ஒருவர் வாள் அலகை ஸ்பிரிட்டால் துடைப்பார், இன்னொரு நரி ஓடிவந்து வெட்டியவனின் கனத்த கையைத் தன் கையில் தாங்கிக்கொள்வான். மறுபடி. பொதுவாக முப்பது சுற்று வரை போகும், ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறும். காயம் பெரிது என்று மருத்துவரோ துணையாளோ முடிவுசெய்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

வாளைப் பார்க்காதீர்கள், பயனில்லை. காலைப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள். ஓர் அங்குலம் பின்னால் போகக் கூடாது, தலையைச் சாய்க்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. வெற்றி தோல்வி என்பதே கிடையாது. யாருக்கு அதிக வெட்டு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. முடிந்தபின் அவனவன் சங்கமே தனியாகக் கூடி, நம் ஆள் ஒழுங்காக நின்றானா என்று முடிவுசெய்யும். தலை நகர்ந்திருந்தால் அது செல்லாது, மறுபடி நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் செல்லாது என்றுவிட்டார்கள். பதினொரு தையல் போட்டவன் சிரித்துக்கொண்டு சாப்பிட, இவன் அன்றிரவு அறையைவிட்டு வெளியே வரவில்லை. எனக்கு இன்றுவரை இது முழுசாக விளங்கவில்லை, ஆனால் அந்த இரண்டு முகமும் மறக்கவில்லை.

தழும்புக்கு ஷ்மிஸ் என்று பெயர். ஒரு காலத்தில் அதுதான் பெரிய மனிதன் என்பதற்கான அடையாள அட்டை. சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர் ஹைடல்பெர்கில் அல்லெமன்னியா சங்கத்தில் இருந்தவர். கன்னத்தில் ஷ்மிஸோடு பெருமையாக வீட்டுக்குப் போனபோது, அம்மா ஒரு அறை விட்டார் என்று சொல்வார்கள். எல்லா நாட்டிலும் அம்மா அம்மாதான். பின்னாளில் ஜெர்மனியை ஒன்றாக்கிய பிஸ்மார்க், கோட்டிங்கனில் ஹனோவேரா கோரில் 1832இல் சேர்ந்து, மூன்று அரையாண்டில் இருபத்தைந்து முறை வாளெடுத்தார் என்பது ஊர்ப்பேச்சு. வாளைவிடச் சேட்டை அதிகம். பல்கலைக்கழகச் சிறையில் உட்கார்ந்திருக்கிறார், நகர மதிலோரம் அவர் குடியிருந்த குட்டிக் கோபுரம் இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். மாணவர் சிறையைப் பார்க்க ஆசை என்றால் ஹைடல்பெர்க் போவதே நல்லது. 1914 வரை பயன்பாட்டில் இருந்தது. இரவில் கலாட்டா செய்தவர்கள், வாளெடுத்தவர்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்து மெழுகுவர்த்திப் புகைக்கரியால் சுவர் முழுக்கத் தங்கள் நிழலுருவத்தையும் தொப்பி நிறத்தையும் தீட்டிவைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பாலம் தாண்டினால் ஹிர்ஷ்காஸ்ஸெ விடுதி. 1878இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் மென்ஸூர் பார்த்தது அங்கேதான்.

சேரச் சொன்னால்

சொல்வார்கள். நேரடியாகவும் சொல்வார்கள். அப்போது நம் ஊர் 'பார்க்கலாம்' மட்டும் வேண்டாம். நான் சொன்னேன். ஜெர்மன்காரன் அதைப் பார்க்கலாம் என்றே எடுத்துக்கொள்வான். மறுநாள் காலை பயிற்சி அட்டவணையில் என் பெயர் இருந்தது. சரி என்று மூன்று வாரம் இறங்கினேன். இடக்கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டு, வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, தோல் தலையணை ஒன்றை மணிக்கட்டால் மட்டும் அடிக்க வேண்டும். சின்ன வயசில் சிலம்பம் ஆடியவன் நான். கால் தானாக நகர்ந்தது. நகர்ந்தபோதெல்லாம் பயிற்சியாளர் என் காலையே பார்த்தார். ஓடி ஆடி ஒதுங்கத் தெரிந்தவனுக்கு இந்த வித்தையில் வேலையே இல்லை.

சேர்ந்தால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அரையாண்டோ இரண்டோ நரியாக இருக்க வேண்டும். தினசரிப் பயிற்சி, வாராந்தரக் கூட்டம், கோர் என்றால் முழு உறுப்பினர் ஆகுமுன் ஒரு மென்ஸூராவது நிற்க வேண்டும். பிறகும் உண்டு. உறவு ஆயுசுக்கும், சந்தாவும் ஆயுசுக்கும். பதிலுக்கு, ஊர் ஊராகக் கதவு திறக்கும் பெரியவர்கள் கிடைப்பார்கள். ஆய்வு மாணவனுக்கு அந்த நேரம் கிடையாது. நான்காவது வாரம் ஸேனியோரிடம் போய், "இல்லை. நன்றி. அறை மட்டும் போதும்" என்றேன். அவர் அரை நிமிடம் யோசித்துவிட்டு, அட்டவணையில் என் பெயரை அடித்துவிட்டு, "அப்போ ஞாயிற்றுக்கிழமை சமையல் உன் முறை" என்றார்.

அதனால் கடைசியாக ஒரு சமையல் குறிப்பு. கன்னத்தில் வெட்டு வாங்கினவனால் நாலைந்து நாளைக்கு மெல்ல முடியாது. சாதத்தைக் குழைய வேகவைத்து, ரசத்தைத் தெளிவாக இறுத்து ஊற்றிப் பிசைந்து கொடுங்கள். புளியைப் பாதியாக்குங்கள், மிளகாயை விட்டுவிடுங்கள், மிளகு நாலு போதும். நான் முதல் தடவை நம் வீட்டுக் கணக்கில் வைத்துவிட்டேன். காலையில் முப்பது சுற்று இமைக்காமல் நின்றவன், முதல் வாயிலேயே கண்ணீர் வழிய எழுந்து தண்ணீர்க் குழாய்க்கு ஓடினான். அன்றைய மென்ஸூர் செல்லும் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்ததால் தப்பித்தான்.